கழுத்து திருகிய கோழிக்கு முதலில் செய்ய வேண்டியது

கோத்தகிரியில் உங்கள் கோழி பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டு கிடப்பதாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கேட்கவில்லை. வெள்ளைக் கழிச்சல், அதாவது ராணிக்கெட் என்றுதான் எனக்குப் படுகிறது. வைரஸ் நோய், குணமாக்கும் மருந்து கிடையாது.

உடனே தனியாகப் பிரித்துவிடுங்கள். நீலகிரி இரவுக் குளிரை அதனால் தாங்க முடியாது; அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, சற்றுத் தள்ளி ஒரு குண்டு பல்பு போடுங்கள். தண்ணீரை அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள், வாயைப் பிளந்து ஊற்றினால் புரையேறிவிடும். மற்றக் கோழிகளைக் கவனித்த பிறகே இதைத் தொடுங்கள். கை, செருப்பு வழியாகவும் பரவும்.

பறவைக் காய்ச்சலிலும் இதே அறிகுறிகள் வரும். அதனால் இன்றே கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள், மற்றவற்றுக்குத் தடுப்பூசி பற்றியும் அங்கேயே கேளுங்கள். அப்புறம், இறந்துபோனால் ஓடையில் வீசாமல் சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள்.