பழைய கேட்டலினா 22, பழைய ஜே/24: குடும்ப உலாவுக்கும் பந்தயத்துக்கும் எதை வாங்கலாம்?

இந்த இரண்டு பாய்மரப் படகுகளில் கேட்டலினா 22-ஐ வாங்குங்கள். பந்தயத்துக்கு வேறொருவருடைய ஜே/24-இல் ஏறிக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் மேரிலாந்தில் அன்னாபொலிஸ் பக்கம் குடியிருப்பதாகவும், சனி ஞாயிறுகளில் இரண்டு சிறு பிள்ளைகளோடு செசபீக் விரிகுடாவில் உலாவவும் புதன்கிழமை மாலைப் பந்தயங்களில் ஓட்டவும் ஒரே படகு வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கையிலிருக்கும் பணத்துக்கு எண்பதுகளின் தொடக்கத்தில் கட்டிய இந்த இரண்டு படகுகள் அகப்பட்டிருக்கின்றன. இரண்டு வகையிலும் நான் பாய் இழுத்திருக்கிறேன். இரண்டின் மீதும் எனக்கு மரியாதை உண்டு. ஃபிராங்க் பட்லரின் கேட்டலினா 22 பதினைந்தாயிரத்துக்கும் மேல் விற்றது. ராட் ஜான்ஸ்டன் கனெக்டிகட்டில் தம் வீட்டு கராஜில் கட்டிய படகிலிருந்து பிறந்த ஜே/24, 1977 முதல் ஐயாயிரத்துக்கும் மேல் வெளிவந்தது. ஆகவே இரண்டுக்குமே உதிரி பாகங்களுக்கும் பழைய பாய்களுக்கும் பஞ்சமில்லை.

வேகத்தில் போட்டியே கிடையாது. வெவ்வேறு வகைப் படகுகளின் வேக வித்தியாசத்தைச் சமன்செய்யப் பந்தயங்களில் பயன்படுத்தும் பி.எச்.ஆர்.எஃப் கணக்கின்படி, ஒரு கடல் மைலுக்கு ஜே/24 ஏறத்தாழ 100 வினாடி முந்திவிடும். ஐந்து மைல் பந்தயத்தில் எட்டு நிமிடம். ஆனால் வெவ்வேறு வகைப் படகுகள் சேர்ந்து ஓடும் பந்தயத்தில் அந்த எட்டு நிமிடத்தைக் கணக்கிலேயே உங்களுக்குத் திருப்பித் தந்துவிடுகிறார்கள். திருப்பித் தர முடியாதது ஆள்பலம். ஜே/24 ஐந்து பேருக்கான படகு. காற்று மணிக்கு 15 கடல் மைலைத் தாண்டியதும் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார ஆள் இல்லையென்றால் படகு ஒரேயடியாகச் சாய்ந்து, சுக்கான் பிடி இழந்து, காற்றை நோக்கித் திரும்பிவிடும். ஸ்பினாக்கரை (பின்காற்றில் விரிக்கும் பெரிய முன்பாயை) ஏற்றி இறக்க முன்தளத்தில் ஒருவர், பாய்மரத்தடியில் ஒருவர், கயிறுகளுக்கு ஒருவர் என்று ஒவ்வொருவருக்கும் தனி வேலை. மே முதல் செப்டம்பர் வரை வாராவாரம் நான்கு பேரை வேலையிலிருந்து நேரத்துக்குக் கிளப்பிக் கொண்டுவருவது படகு ஓட்டுவதைவிடக் கடினமான காரியம். கேட்டலினாவை இரண்டு பெரியவர்கள் பந்தயத்திலும் சமாளித்துவிடலாம். ஸ்பினாக்கர் இல்லாத பிரிவில் பதிந்துகொண்டால் வேலை இன்னும் குறையும்.

இனி உலா. செசபீக்கின் சராசரி ஆழமே ஏறத்தாழ 21 அடிதான். பிள்ளைகளோடு நங்கூரம் போட ஆசைப்படும் ஓடைகளெல்லாம் அதைவிட மிக ஆழம் குறைந்தவை. ஜே/24-இன் நிலையான கீலுக்கு (படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான தகட்டுக்கு) நான்கு அடித் தண்ணீர் வேண்டும். கேட்டலினாவின் ஆடும் கீல் இறக்கினால் ஐந்து அடி, தூக்கினால் இரண்டே அடி. சேற்றில் தட்டினால் வின்ச்சை (கம்பி சுற்றும் உருளையை) சுற்றிக் கீலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். ட்ரெய்லரில் ஏற்றி இறக்கச் சாதாரணச் சரிவு போதும்; ஜே/24-க்குப் பெரும்பாலும் கிரேன் தேவை.

பிள்ளைகளுக்கு முக்கியமானது காக்பிட், அதாவது படகின் பின்பக்கம் எல்லோரும் உட்காரும் திறந்த பள்ளம். கேட்டலினாவில் அது ஆழமானது, முதுகு சாய உயரமான பக்கங்கள் உண்டு. ஜே/24-இன் காக்பிட்டில் சாயவும் இடமில்லை. மெயின் பாயின் கயிறு ஓடும் தண்டவாளம் வேறு நடுவே குறுக்காகக் கிடக்கும். கேபினுக்குள் தவழ்ந்துதான் போக வேண்டும். கேட்டலினாவில் கூரைத் தட்டை உயர்த்திவிட்டால் ஏறத்தாழ நிமிர்ந்து நிற்கலாம், மேசையை இறக்கினால் படுக்கை. ஜூலை மாத மதியத்தில் காற்று செத்து, மேற்கே இடிமேகம் கறுக்கத் தொடங்கும்போது பிள்ளைகளை உள்ளே உட்காரவைக்க ஓர் இடம் இருப்பதன் அருமை அப்போதுதான் தெரியும்.

பணம் கொடுக்கும் முன் கேட்டலினாவைக் கிரேன் பட்டையில் தூக்கித் தொங்கவிடச் சொல்லுங்கள். ட்ரெய்லரில் கீல் தாங்கலின் மேல் படுத்திருப்பதால் அதன் குறை எதுவும் வெளியே தெரியாது. கீலைக் கீழே இறக்கி, நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். சிறிது அசைவு இருக்கும்; 'டக் டக்' என்று இடித்தால் சுழல் ஊசியோ அது நுழையும் துளையோ தேய்ந்திருக்கிறது என்று பொருள். கீல் 250 கிலோ இரும்பு. பிறகு உள்ளே போய், படிக்கட்டை எடுத்துவிட்டு, வின்ச்சிலிருந்து இறங்கும் கம்பியைப் பாருங்கள். ஓர் இழை அறுந்திருந்தாலும் கம்பியை மாற்ற வேண்டும். கம்பி படகின் அடியில் நுழையும் இடத்தில் ஒரு சின்ன ரப்பர் குழாய், இரண்டு முனையிலும் கிளிப் போட்டு நிற்கும். அந்தக் குழாய் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. வெடிப்பு விட்டிருந்தால் படகு கட்டிய இடத்திலேயே மூழ்கும். சில டாலர் பொருள்தான். ஆனாலும் நாற்பது ஆண்டுப் பழைய குழாயோடு ஓடும் படகுகளைப் பார்த்திருக்கிறேன்.

ஜே/24 மீதுதான் மனம் போகிறது என்றால், கேபினின் குறுக்குப் பலகையைத் தட்டிப் பாருங்கள். பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கம்பிகள் பூட்டியிருக்கும் இடத்தில் அது உளுத்துப்போவது வழக்கம். கீலுக்கு மேலுள்ள பள்ளத்தைப் பழைய படகுகளில் வெர்மிகுலைட் என்ற இலகுவான கனிமத்தின் கலவையால் நிரப்பியிருப்பார்கள். அது தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு குளிர்காலத்தில் உறைந்து விரியும். முழுவதையும் தோண்டி எடுத்துக் கட்ட வேண்டிய வேலை. காக்பிட் பெட்டிகளின் மூடிகள் இறுகப் பூட்டுகின்றனவா என்பதையும் பாருங்கள். மூடி திறந்த நிலையில் பக்கவாட்டில் சாய்ந்து, உள்ளே நீர் புகுந்து மூழ்கிய ஜே/24-கள் உண்டு.

ஜே/24 ஓட்டும் சுகத்தை உங்களுக்கு மறுக்க நான் விரும்பவில்லை. அளவான காற்றில் சுக்கானில் ஒரு விரல் வைத்தால் போதும், படகு பதில் சொல்லும். அதற்கு நீங்கள் அந்தப் படகின் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு புதனும் ஆள் போதாமல் அல்லாடும் படகுகள் அன்னாபொலிஸில் இருக்கின்றன. மாலையில் லைஃப் ஜாக்கெட்டோடு துறைக்குச் சென்று, "எனக்கு அனுபவம் குறைவு, ஆனால் சீசன் முழுக்கத் தவறாமல் வருவேன்" என்று சொல்லுங்கள். இரண்டு சீசன் கழித்து, கூட ஓட்டிய நான்கு பேர் உங்கள் படகுக்கு வருவதாக வாக்குக் கொடுத்தால், அப்போது கேட்டலினாவை விற்றுவிட்டு ஜே/24 வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.