ஜப்பானிய மொழி படிக்கப் போகிறீர்களா? வாசகர் கேள்விகள்

ஜப்பானிய மொழிப் படிப்பு பற்றிக் கேட்கலாம் என்று ஆசிரியர் போன இதழில் ஒரு வரி போட்டார். அதற்கு ஒரு மூட்டைக் கடிதம் வந்திருக்கிறது. பாதிப் பேர் சம்பளம் எவ்வளவு என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அவற்றை ஒதுக்கிவிட்டுப் படிப்பு பற்றிக் கேட்டவர்களுக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

பிளஸ் டூ முடித்த மகள் பி.ஏ. ஜப்பானிய மொழிதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். எங்கே படிப்பது? படித்து என்ன ஆகப் போகிறது?
_ஒரு தாய், திண்டுக்கல்_

மொழியையே பட்டப்படிப்பாக எடுக்க வேண்டும் என்றால், பெயர் பெற்ற இடங்கள் வெளிமாநிலங்களில்தான் இருக்கின்றன அம்மா. டெல்லியில் ஜே.என்.யூ., ஹைதராபாத்தில் இஃப்லு எனும் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம், சாந்திநிகேதனில் விஸ்வபாரதி. சாந்திநிகேதனுக்கும் ஜப்பானுக்கும் உறவு பழையது. ஜுஜுத்சு என்னும் தற்காப்புக் கலையைக் கற்றுக்கொடுக்க ஜப்பானிலிருந்தே ஆள் வரவழைத்தவர் தாகூர். ஜே.என்.யூ.வுக்கும் விஸ்வபாரதிக்கும் க்யூட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மொழி முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை, அகரத்திலிருந்து ஆரம்பிப்பார்கள்.

என்ன ஆகும்? மொழிபெயர்ப்பு, ஒரகடம், ஸ்ரீசிட்டி பக்கம் ஜப்பானியத் தொழிற்சாலைகளில் பேச்சை உடனுக்குடன் பெயர்த்துச் சொல்லும் உரைபெயர்ப்பு, அப்புறம் ஆசிரியர் வேலை. ஆனால் ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித்திறன் தேர்வில் (என்5 அடிப்படி, என்1 உச்சி) என்2 வரை ஏறினால்தான் உரைபெயர்ப்பாளர் என்று மதிப்பார்கள். அதற்கு உழைப்பு கொஞ்சநஞ்சம் இல்லை. அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பான் அரசு வகுத்துள்ள கான்ஜி, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகள், 2,136. ஜப்பானியப் பிள்ளைகளே தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளில் 1,026 எழுத்துகள்தான் கற்கிறார்கள். உங்கள் மகளுக்கு இருப்பதோ மூன்று வருடம்.

கட்டணம் கட்டுமுன் ஒன்று செய்யுங்கள். இந்த விடுமுறையில் ஒலியைக் குறிக்கும் இரு எழுத்து வரிசைகளான ஹிராகானா 46, கதாகானா 46 எழுத்துகளையும் எழுதிப் பழகச் சொல்லுங்கள். தினமும் உட்கார்ந்து எழுதுவது அவளுக்குப் பிடிக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகும் ஒற்றைக்காலில் நின்றால் அனுப்பிவிடுங்கள்.

நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு, என்4 தேறிவிட்டேன். மொழியும் பண்பாடும் படிக்க ஜப்பான் அரசு ஓராண்டு உதவித்தொகை தருகிறதாமே, விண்ணப்பிக்கலாமா?
_கல்லூரி மாணவர், கோவை_

முடியாது தம்பி. நீங்கள் சொல்வது ஜப்பான் கல்வி அமைச்சகம் தரும் மெக்ஸ்ட் உதவித்தொகையில் ஒரு பிரிவு, மாணவர்கள் சுருக்கமாக ‘நிக்கென்செய்’ என்பார்கள். ஜப்பானுக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் அந்த மொழியையோ பண்பாட்டையோ முதன்மைப் பாடமாகப் படிப்பவர்களுக்கு மட்டும்தான் அது. வேறு பட்டம் படித்துக்கொண்டே துணைக்கு மொழி கற்பவர்களைச் சேர்ப்பதில்லை. நானும் அந்த வழியில்தான் ஒசாகா போனேன். கல்விக் கட்டணம் கிடையாது, போக வர விமானச் சீட்டு உண்டு, மாதச் செலவுக்குச் சில ஆண்டுகளாக 1,17,000 யென் தருகிறார்கள். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் தொடங்கி ஏறக்குறைய ஒரு வருடம். பட்டம் தர மாட்டார்கள். திரும்பி வந்து நம் பல்கலைக்கழகத்தில் மிச்சப் படிப்பை முடிக்க வேண்டும்.

உங்களுக்கு ஏற்றது பட்டம் முடித்தபின் வரும் ஆராய்ச்சி மாணவர் பிரிவு. அங்கே மொழியைவிட உங்கள் ஆராய்ச்சித் திட்டத்துக்குத்தான் எடை அதிகம். அதுவரை என்3-க்குப் படியுங்கள். அந்தத் தேர்வில் பேசவும் எழுதவும் வேண்டியதில்லை, எல்லாம் விடை தேர்ந்தெடுப்பதுதான். அதனால் சான்றிதழ் வாங்கியும் வாய் திறக்காதவர்கள் நிறைய இருக்கிறார்கள். நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள்.

ஜப்பானிய மொழி தமிழிலிருந்து பிறந்ததாமே? அப்படியானால் நம் பிள்ளைகளுக்கு எளிதாக வருமா?
_ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பழனி_

இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று வாதிட்டவர் சுசுமு ஓனோ. பழைய ஜப்பானிய மொழியில் கரை கண்டவர், 2008-இல் மறைந்தார். ஆனால் ஒப்பியல் மொழியறிஞர்களில் பெரும்பாலோர் அவர் கருத்தை ஏற்கவில்லை ஐயா. தமிழைப் போல வினை கடைசியில் வருவதை மட்டும் வைத்து உறவு சொல்ல முடியாது, அது கொரிய மொழியிலும் உண்டு, துருக்கிய மொழியிலும் உண்டு.

எளிதா என்றால், இலக்கணம் நிச்சயமாக எளிது. ‘சாப்பிட்டுப் பார்’ என்கிறோமே, அவர்களும் ‘தபெதெ மிரு’ என்று அதே பார்த்தலைத்தான் சேர்க்கிறார்கள். எழுதி வை, கொண்டு வா எல்லாமே அப்படியே வரும். டெல்லியில் என்னோடு படித்த சிலர் ஆங்கிலம் வழியாக இதைப் புரிந்துகொள்ள மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது நான் தமிழிலேயே நினைத்து எழுதிவிட்டுப் போவேன். குறில் நெடிலும் நம் காதுக்குப் பழக்கம்தான்.

சறுக்குவது வேறு இடத்தில். நோட்டில் தமிழ் எழுத்தில் ஒலியைக் குறித்துவைக்கும் மாணவர்களுக்கு, தம்பியின் ‘த’வும் தர்மத்தின் ‘த’வும் ஒன்றாகிவிடும். பல்கலைக்கழகத்துக்குச் சொல்லும் ‘தைகாகு’வில் தர்மத்தின் ‘த’ வர வேண்டும். அங்கே தம்பியின் ‘த’ வந்தால், படிப்பைப் பாதியில் விட்டு விலகுவது என்று பொருள்! அதனால் என் வகுப்பில் முதல் வாரத்தோடு தமிழ் எழுத்துக் குறிப்புக்குத் தடை.

பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஓராண்டு ஜப்பான் போக வாய்ப்பு வரும் போலிருக்கிறது. தேநீர்ச் சடங்கு, கிமோனோ என்று எல்லோரும் ஒரே மாதிரிப் படம் போடுகிறார்கள். ‘பண்பாடு படிப்பது’ என்றால் உண்மையில் என்ன செய்ய வேண்டும்?
_மாணவி, ஹைதராபாத்_

நல்ல கேள்வி. தேநீர்ச் சடங்கு தாழ்ந்தது இல்லை, வருடக்கணக்கில் உட்கார்ந்து கற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பிற்பகலில் கிமோனோ கட்டிப் படம் எடுத்துக்கொண்டு வருவது சுற்றுலா, அவ்வளவுதான். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருடம் முழுக்க விடாமல் போங்கள். கூடவே ஒரு மாணவர் சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள். வெளிநாட்டு மாணவர் விடுதிக்குள்ளேயே இருந்தால் ஒரு வருடமும் ஆங்கிலத்தில் கழிந்துவிடும்.

நான் பிடித்தது ரகுகோ. ஒருவரே மெத்தையில் மண்டியிட்டு உட்கார்ந்து கதை சொல்கிற கலை. கையில் ஒரு விசிறி, ஒரு துண்டு, வேறொன்றும் கிடையாது. தலையை ஒரு பக்கம் திருப்பினால் கடைக்காரர், மறுபக்கம் திருப்பினால் வாடிக்கையாளர். மடித்த விசிறிதான் சாப்பிடும் குச்சி. அதை வாயருகே வைத்து உறிஞ்சும் சத்தத்திலேயே மெல்லிய சோபா நூடுல்ஸா, தடித்த உதோன் நூடுல்ஸா என்று கேட்பவருக்குத் தெரிய வேண்டும். சங்கத்தில் மூத்த மாணவர்கள் எங்களைச் சாப்பிடவைத்தே பழக்கினார்கள், வெறும் விசிறியால்!

எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய கதை இருக்கிறது. ராத்திரியில் ஒருவன் தெருக்கடையில் சோபா சாப்பிடுகிறான். விலை 16 காசு. ஒன்று, இரண்டு என்று கடைக்காரர் கையில் எண்ணிப் போடுகிறான். எட்டு வந்ததும், “இப்போ மணி என்ன?” “ஒன்பது.” “பத்து, பதினொன்று...” என்று தொடர்ந்து 16-இல் முடிக்கிறான். ஒரு காசு மிச்சம். இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அசடு மறுநாள் அதே வித்தையைச் செய்ய அவசரப்பட்டுக் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடுகிறது. எட்டு வரை எண்ணிவிட்டு மணி கேட்டால், “நாலு” என்கிறார் கடைக்காரர். அசடும் “ஐந்து, ஆறு...” என்று போய் நாலு காசு கூடக் கொடுத்துவிட்டு நிற்கிறது.

முதலில் படித்தபோது எனக்குச் சொற்கள் எல்லாம் புரிந்தன, சிரிப்பு வரவில்லை. முன்னதாக வந்தால் நாலு எப்படி ஆகும்? ஜப்பானில் ‘எதோ’ என்று பெயர் பெற்ற பழைய ஆட்சிக் காலத்து மணிக்கணக்கு நள்ளிரவு ஒன்பதில் தொடங்கி, எட்டு, ஏழு என்று இறங்கி நாலில் முடியும், பிறகு மறுபடி ஒன்பது. பகலுக்கும் இரவுக்கும் தனித்தனியே ஆறாறு பங்கு. அதனால் கோடையில் பகல்மணி நீளும், குளிர்காலத்தில் குறுகும். இது தெரிந்த பிறகு அரங்கில் மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்க முடிந்தது. பண்பாடு படிப்பது என்று நான் சொல்வது இதைத்தான். ஒசாகாக்காரர்கள் இதே கதையை உதோன் வைத்துச் சொல்வார்கள். முன்னால் ஒரு குட்டி மேசை, முழங்காலை மறைக்க ஒரு சிறு தட்டி என்று அவர்கள் பாணியே தனி. ஒசாகா பக்கம் இடம் கிடைத்தால் 2006-இல் திறந்த தென்மா தென்ஜின் ஹான்ஜோதெய் அரங்குக்குப் போங்கள். வகுப்பில் கற்கும் தோக்கியோ மொழிக்கும் தெருவில் கேட்கும் மொழிக்கும் உள்ள தூரம் அங்கே ஒரு மாலையில் விளங்கிவிடும்.

அனிமே பார்த்தே கற்றுக்கொள்ள முடியாதா?
_பள்ளி மாணவன், மதுரை_

காது பழகும். ஆனால் அதில் நாயகன் எதிரியிடம் பேசும் பேச்சைப் பேராசிரியரிடம் பேசிவைத்தால் ‘வாடா போடா’ என்றது மாதிரிதான் இருக்கும். பார், ரசி, புத்தகத்தையும் எடு.

சுத்த சைவம். அங்கே போய்ப் படித்தால் பட்டினிதானா?
_மாணவி, கும்பகோணம்_

பட்டினி இல்லை, ஆனால் கவனம் வேண்டும். கறித்துண்டு கண்ணுக்குத் தெரிந்துவிடும், சிக்கல் குழம்புச் சாறில்தான். நம் மாசிக் கருவாடு போலச் சூரை மீனை வேகவைத்துப் புகையில் காயவைத்துச் சீவி, அதில் இறக்கும் சாறுதான் பெரும்பாலான சூப்புகளுக்கு அடிப்படை. மிசோ என்னும் சோயா விழுதில் செய்யும் சூப்பில் அது இருக்கும். நாத்தோ என்னும் புளிக்கவைத்த சோயாவை, வெறும் சோயாதானே என்று நம்பி வாங்கினால், உள்ளே இருக்கும் சின்னச் சாறுப் பொட்டலத்தில் அநேகமாக மீன் சத்து இருக்கும். பாடப்புத்தகம் திறக்குமுன் மீன், மாட்டிறைச்சி, பன்றி, கோழி, முட்டை ஆகிய சொற்களைக் கான்ஜியிலும் கதாகானாவிலும் படித்துவிடுங்கள். பொட்டலத்தின் பின்பக்கத்தைக் கடையிலேயே நின்று படிக்க அது போதும்.

மற்றபடி விடுதிச் சமையலறை இருக்கிறது. ஒசாகா, கியோத்தோ பக்கம் என்றால் பருப்பும் மசாலாவும் வாங்கக் கோபே போய்வரலாம். இந்திய வணிகர்கள் நெடுங்காலமாகக் குடியிருக்கும் ஊர், ஒரு ஜைனக் கோயில்கூட இருக்கிறது. அவர்கள் அரிசி ஒட்டும். ரசத்துக்குச் சுமார்தான், தயிர் சாதத்துக்குப் பிரமாதம்.