1452, 1451, 1062: சாவிப் பிழைகளுக்கு ஒரு கேள்வி பதில்

மைஎஸ்கியூஎல், மரியாடிபி என்ற டேற்றாபேஸ் இரண்டிலும் வாற பிரைமரி கீ (ஒரு ரேபிளின் ஒவ்வொரு வரிசையையும் தனியாக அடையாளம் காட்டுறது), ஃபாரின் கீ (பிள்ளை ரேபிளில் இருந்து தாய் ரேபிளின் வரிசையைக் காட்டுறது) எரர்களுக்குத்தான் பெரும்பாலும் இங்கே பதில். கேள்விக்கு முன்னால் இருக்கிறது கேட்டவரின் ஊர். கேட்கும்போது எரர் இலக்கத்தையும், சம்பந்தப்பட்ட இரண்டு ரேபிள்களுக்கும் ‘ஷோ கிரியேட் ரேபிள்’ காட்டுறதையும் சேர்த்து அனுப்புங்கோ. ‘வேலை செய்யுதில்லை’ என்று மட்டும் எழுதினால் என்னாலும் ‘பாருங்கோ’ என்று மட்டும்தான் எழுத ஏலும்.

கோப்பாய்: அண்ணை, ரியூசன் சென்டர் ஒண்டுக்கு சிஸ்டம் செய்யிறன். கட்டண விவரம் எக்செலில கிடக்கு. அதை சிஎஸ்வி ஆக்கி ஏத்தினால் 1452 வருகுது. மாணவர் ரேபிளில அந்த இலக்கம் இருக்கிறதைக் கண்ணால பாக்கிறன். பிறகேன் இல்லை எண்டு சொல்லுது?

1452 பொய் சொல்லாது தம்பி. பிள்ளை ரேபிளில் நீங்கள் போடுற பெறுமதி, தாய் ரேபிளில் அதே பெறுமதியாக இல்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியுறது வேறு, பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருக்கிறது வேறு. எக்செலில் இருந்து வாற டேற்றாவில் பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றுதான்.

முதலாவது, வரி முடிவு. விண்டோஸில் சேமித்த சிஎஸ்வியில் ஒவ்வொரு வரியும் கரேஜ் ரிட்டேர்ன், நியூலைன் என்ற இரண்டு எழுத்துகளோடு முடியும். சிஎஸ்வியை ஏற்றுற ‘லோட் டேற்றா’ கட்டளையில் வரி முடிவு என்று நியூலைனை மட்டும் கொடுத்தால், மற்றது கடைசிக் கொலத்தின் வாலில் ஒட்டிக்கொள்ளும். மாணவர் இலக்கம் கடைசிக் கொலமாக இருந்தால் எல்லா வரிசையும் தவறும். கண்டுபிடிக்க, அந்தக் கொலத்தை ஹெக்ஸ் ஃபங்ஷனுக்குள் போட்டுப் பாருங்கோ. வாலில் 0டி (கரேஜ் ரிட்டேர்னின் குறி) இருந்தால் இதுதான்.

இரண்டாவது, முன்னால் உள்ள பூச்சியம். 0012 என்ற இலக்கத்தை எக்செல் 12 ஆக்கிவிடும். கொலம் வார்சார் (எழுத்து வகை) என்றால் இரண்டும் வேறு. இலக்கத்தை எக்செலில் போட முதலே அந்தக் கொலத்தை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்ற வேணும்.

மூன்றாவது, உடையாத இடைவெளி என்கிற 160ஆம் எழுத்து. இணையப் பக்கத்தில் இருந்து கொப்பி செய்த டேற்றாவில் வரும். ட்ரிம் அதை வெட்டாது, ரிப்ளேஸ் ஃபங்ஷன்தான் வேணும்.

நாலாவது, வெற்றுக் கலம். ஃபாரின் கீ கொலத்தில் ‘நல்’ (பெறுமதியே இல்லை என்ற குறி) இருந்தால் சோதனை இல்லாமல் போகும். வெற்று ஸ்ட்ரிங்கும் 0உம் நல் அல்ல, அவற்றுக்குத் தாய் வரிசை தேடும். ஏற்றும்போதே ‘நல்இஃப்’ போட்டு மாற்றுங்கோ.

செய்ய வேண்டிய ஒழுங்கு இது: ஃபாரின் கீ எதுவும் இல்லாத ஒரு தற்காலிக ரேபிள், எல்லாக் கொலமும் வார்சார். சிஎஸ்வியை அதுக்குள் கொட்டுங்கோ. அதை மாணவர் ரேபிளோடு லெஃப்ட் ஜொயின் (பொருந்தாத வரிசையையும் விடாமல் இணைக்கிறது) செய்து, மாணவர் பக்கம் ‘நல்’ ஆக வாற வரிசைகளை மட்டும் எடுங்கோ. அந்தப் பட்டியல்தான் உங்கடை பிழைப் பட்டியல். அது வெறுமையாகும் வரை திருத்திவிட்டு, ‘இன்சேர்ட் செலக்ட்’ போட்டு உண்மையான ரேபிளுக்கு அனுப்புங்கோ.

சுன்னாகம்: ஃபாரின் கீ சோதனையை நடத்துற ‘ஃபாரின் கீ செக்ஸ்’ஐ 0 ஆக்கி அணைச்சால் ஒரு செக்கனில ஏறுது. பிறகு 1 ஆக்கினால் சரிதானே சேர்?

சரியில்லை. திரும்ப 1 ஆக்கும்போது, இடையில் உள்ளே போனதை அது சோதிக்காது. தாய் இல்லாத வரிசைகள் அப்படியே கிடக்கும். ஆறு மாதம் கழித்து யாரோ ஒருத்தர் அந்த ஃபாரின் கீயைக் கழற்றித் திரும்பப் பூட்டப் போக 1452 வரும், அப்போது மூலக் கோப்பும் இருக்காது. மைஎஸ்கியூஎல்டம்ப் எடுக்கிற பக்அப் கோப்பின் தலையில் இதே வரி இருக்கே என்று கேட்பீங்கள். அது ஏற்கெனவே சோதனை முடிந்த டேற்றாவைத் திரும்ப வைக்கிற வேலை, ரேபிள்கள் எந்த ஒழுங்கில் வந்தாலும் ஏறவேணும் என்பதற்காகப் போடுறது. புது டேற்றாவுக்கு அதை எடுக்காதீங்கோ. ‘இன்சேர்ட் இக்னோர்’உம் அதே சாதிதான். எரரை வோர்ணிங் ஆக்கிவிட்டு அந்த வரிசையைச் சத்தமில்லாமல் விட்டுவிடும்.

பருத்தித்துறை: ஃபாரின் கீ போடவே விடுதில்லை. ஒரு சேர்வரில 1215, மற்றதில 3780. லாராவெல் (பிஎச்பி ஃபிரேம்வேர்க்) பாவிக்கிறன்.

இரண்டும் ஒரே நோய். மைஎஸ்கியூஎல் 8.0 கொலத்தின் பெயரோடு 3780 என்று சொல்லும், பழையது 1215 என்று மொட்டையாகச் சொல்லும். லாராவெல் 5.8 முதல் ஐடி கொலம் பிக்இன்ட் அன்சைன்ட் (எதிர்மறை இல்லாத பெரிய முழு எண்). நீங்கள் கையால் எழுதின கொலம் வெறும் இன்ட்டாக இருக்கும். அளவும் அன்சைன்டும் இரண்டு பக்கமும் அச்சொட்டாக ஒன்றாக இருக்க வேணும். இன்ட்டுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வாற 10, 11 வெறும் காட்சி அகலம், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். வார்சார் என்றால் நீளம் வித்தியாசப்படலாம், ஆனால் கரெக்டர் செட்டும் கொலேஷனும் (எழுத்துகளை ஒப்பிடுற விதி) ஒன்றாக வேணும். ‘ஒன் டிலீட் செட் நல்’ (தாய் அழிந்தால் நல் ஆக்கு) கேட்டுவிட்டு கொலத்தை ‘நொட் நல்’ ஆக வைத்திருந்தாலும் விடாது. எது என்று பிடிபடாவிட்டால் ‘ஷோ என்ஜின் இன்னோடிபி ஸ்டேட்டஸ்’ ஓட்டி, ‘லேட்டஸ்ட் ஃபாரின் கீ எரர்’ என்ற பகுதியை வாசியுங்கோ. காரணம் அதில் எழுதியிருக்கும். ஒருத்தரும் அதை வாசிக்கிறதில்லை.

சாவகச்சேரி: 1062, டூப்ளிகேட் என்ட்ரி 127. தானாக இலக்கம் கூட்டுற ஓட்டோ இன்கிரிமென்ட்தான் போட்டிருக்கிறன், எப்பிடி டூப்ளிகேட் ஆகும்?

127 என்ற இலக்கத்தைப் பார்த்ததுமே தெரியுது, உங்கடை கொலம் டைனிஇன்ட், ஆகச் சின்ன முழு எண் வகை. அதன் உச்சம் 127. அடுத்த வரிசைக்கும் 127ஐத்தான் கொடுக்கப் பார்க்கும். இன்ட் அன்சைன்ட் ஆக்குங்கோ, 4294967295 வரை போகும். வேறு ரேபிள் இந்தக் கொலத்தைக் காட்டி ஃபாரின் கீ வைத்திருந்தால் மாற்ற விடாது. முதலில் அந்த ஃபாரின் கீயைக் கழற்றி, இரண்டு பக்கமும் வகையை மாற்றி, பிறகு பூட்ட வேணும்.

கொக்குவில்: 1452 வருகுது. மாணவர் இலக்கம் இருக்குது, ஆனா...

மேலே கோப்பாய்த் தம்பிக்குச் சொன்னதை வாசியுங்கோ.

மானிப்பாய்: டிஸ்பென்சரி ஒண்டுக்கு நோயாளர் ரேபிள். தேசிய அடையாள அட்டை இலக்கத்தைத்தான் பிரைமரி கீயா வைச்சனான். ஒரே ஆள் ரெண்டு வரிசையில இருக்கிறார். பிரைமரி கீ இதைத் தடுக்க வேணுமெல்லோ?

பிரைமரி கீ ஒரே பெறுமதி இரண்டு தரம் வருறதைத்தான் தடுக்கும், ஒரே மனிசன் இரண்டு தரம் வருறதை அல்ல. 2016 முதல் புது அட்டைக்கு 12 இலக்கம். பழைய அட்டைக்கு 9 இலக்கமும் கடைசியில் வீ அல்லது எக்ஸும். முதல் தரம் பழைய அட்டையோடும், அடுத்த தரம் புது அட்டையோடும் வந்தால் உங்கடை ரேபிளுக்கு இரண்டு பேர். கைக்குழந்தைக்கு அட்டையே இல்லை. அதுக்கு என்ன போட்டீங்கள்? தாயின் இலக்கத்தையா? டைப் பண்ணும்போது ஓர் இலக்கம் பிழைத்தால், அதைத் திருத்த எல்லாப் பிள்ளை ரேபிளையும் தொட வேணும், இல்லாவிட்டால் 1451 (பிள்ளை வரிசை இருக்கிற தாயை மாற்றவோ அழிக்கவோ விடாத எரர்). ஓட்டோ இன்கிரிமென்ட் எண் ஒன்றை பிரைமரி கீயாக வையுங்கோ. அட்டை இலக்கத்துக்குத் தனிக் கொலம்.

திருநெல்வேலி: இதை ஏற்க ஏலாது அண்ணை. வெறும் எண்ணை வைச்சால் ஒரே ஆளை நூறு தரம் பதியலாம், டேற்றாபேஸ் ஒண்டும் சொல்லாது. அட்டை இலக்கம் எண்டால் ஒரு தடையாவது இருக்கும்.

எண்ணை வைத்தால் அட்டை இலக்கத்துக்கு யுனிக் போடக்கூடாது என்று யார் சொன்னது? போட வேணும், கட்டாயம். பிரைமரி கீயும் யுனிக்கும் இரண்டு வேலை. ஒன்று மற்ற ரேபிள்கள் பிடித்துக்கொள்ள, மற்றது இரட்டிப்பைத் தடுக்க. யுனிக் கொலத்தில் நல் எத்தனை தரமும் வரலாம், ஆகவே குழந்தைகளின் பிரச்சினையும் தீரும்.

திருநெல்வேலி: யுனிக் போட்டாலும் பழசும் புதுசும் ரெண்டு இலக்கம்தானே? உங்கடை முறையிலும் அதே ஆள் ரெண்டு தரம் வருவார். அப்ப என்ன லாபம்?

நியாயமான கேள்வி. பதியும்போதே எல்லாவற்றையும் 12 இலக்கமாக்க வேணும். பழைய இலக்கத்தின் முன்னால் 19, பிறகு முதல் ஐந்து இலக்கம், பிறகு ஒரு 0, பிறகு மிச்ச நாலு இலக்கம், கடைசி எழுத்தை விட்டுவிடுங்கோ. இதைச் செய்தபிறகு யுனிக் உண்மையான தடை.

நெல்லியடி: அப்ப 12 இலக்கமாக்கி அதையே பிரைமரி கீயா வைக்கலாமே. ஜொயின் ஒண்டு குறையும். வருகை ரேபிளைப் பாத்தவுடனேயே யார் எண்டு தெரியும்.

யார் என்று எல்லாருக்கும் தெரியுறதுதான் எனக்குள்ள முதல் மறுப்பு. மருந்துச் சீட்டு, பரிசோதனை, பில் என்று எல்லா ரேபிளிலும், எல்லா பிரிண்ட்டிலும் ஆளின் அட்டை இலக்கம் சிந்திக் கிடக்கும். இரண்டாவது மறுப்பு இன்னோடிபி, மைஎஸ்கியூஎல் டேற்றாவைச் சேமிக்கிற எஞ்சின். அதில் ஒவ்வொரு துணை இன்டெக்ஸும் (தேடலை வேகமாக்குற பட்டியல்) பிரைமரி கீயின் பிரதி ஒன்றைச் சுமக்கும். இன்ட் என்றால் 4 பைட், வார்சாரில் 12 இலக்கம் என்றால் 13. சின்ன டிஸ்பென்சரிக்கு அது பெரிசில்லை, ஒத்துக்கொள்ளுறன். குழந்தைப் பிரச்சினைக்கு உங்களிட்டை பதில் இல்லை, பிரைமரி கீயில் நல் வைக்க ஏலாது.

திருநெல்வேலி: அப்ப அட்டை இலக்கம் மாதிரி, ஏற்கெனவே இருக்கிற பெறுமதியை வைக்கிற இயற்கைச் சாவியே கூடாது எண்டுறீங்களோ?

அப்படிச் சொல்லேல்லை. மாணவர், பாடம் இரண்டையும் இணைக்கிற ரேபிளில் அந்த இரண்டு எண்ணும் சேர்ந்த கூட்டுச் சாவிதான் சரி. அதுக்கு மேலதிகமாக ஓர் ஐடி வைக்கிறது வீண். மாறாத, எல்லாருக்கும் இருக்கிற, வெளியில் தெரிந்தால் பரவாயில்லாத பெறுமதி என்றால் வையுங்கோ. அடையாள அட்டை மூன்றிலும் தவறுது. இதோடை இந்தக் கதையை விடுவம், மற்ற ஆக்கள் காத்திருக்கினம்.

உரும்பிராய், உயர்தர மாணவி: 1068, மல்டிபிள் பிரைமரி கீ. ரெண்டு கொலத்துக்கும் பிரைமரி கீ எண்டு எழுதினனான் மிஸ் சொன்ன மாதிரி.

கொலத்துக்குப் பக்கத்தில் இரண்டு தரம் எழுதினால் இரண்டு சாவி கேட்கிறீங்கள் என்று எடுக்கும் தங்கச்சி. கடைசியில் ஒரே தரம் ‘பிரைமரி கீ’ என்று எழுதி, அடைப்புக்குள் இரண்டு கொலத்தையும் கொமா போட்டுக் கொடுங்கோ. வேறு ரேபிள் இதைக் காட்டினால் இரண்டு கொலமும் அதே ஒழுங்கில் வேணும். ஒன்றை மட்டும் காட்ட இன்னோடிபி முன்பு விட்டது, 8.4இல் இருந்து இயல்பாக விடாது. இன்னொன்று: மைஎஸ்கியூஎல் 8.4 வரை, கொலத்துக்குப் பக்கத்திலேயே ‘ரெஃபரன்சஸ்’ என்று எழுதினால் எரரும் வராது, ஃபாரின் கீயும் வராது. கடைசியில் தனி வரியாக எழுதுங்கோ.

அச்சுவேலி: கடை சிஸ்டம். பொருளின் விலையை மாத்தினால் அந்தப் பொருளின்ரை பழைய பில் வரிகள் எல்லாம் காணாமல் போகுது. எரர் ஒண்டுமில்லை.

விலையை ‘ரிப்ளேஸ்’ போட்டு மாற்றுறீங்கள், பில் வரியில் ‘ஒன் டிலீட் கஸ்கேட்’ இருக்கு. பாக்காமலே சொல்லுவன். ரிப்ளேஸ் பழைய வரிசையை அழித்துவிட்டுப் புதிதாக வைக்கும். அழிக்கிற அந்த நொடியில் கஸ்கேட் பில் வரிகளையும் அள்ளிக்கொண்டு போகும். சாதாரண அப்டேட், அல்லது ‘இன்சேர்ட் ஒன் டூப்ளிகேட் கீ அப்டேட்’ பாவியுங்கோ. பொருளுக்கும் பில் வரிக்கும் இடையில் கஸ்கேட் இருக்கவே கூடாது, அழிக்க விடாத ‘ரெஸ்ட்ரிக்ட்’ போடுங்கோ. பில்லுக்கும் அதன் வரிகளுக்கும் இடையில் மட்டும் இருக்கலாம். போன வரிகளுக்கு பக்அப்தான் வழி.

சங்கானை: 1451. வாடிக்கையாளரை அழிக்க விடுதில்லை. செக்ஸை 0 ஆக்கி...

இல்லை. பில் உள்ள வாடிக்கையாளரை அழிக்கத் தேவையில்லை. ‘செயலில் உண்டு’ என்று ஒரு கொலம் வைத்து 0 ஆக்குங்கோ.

காரைநகர்: ஓட்டோ இன்கிரிமென்ட் 5க்குப் பிறகு 9 போட்டிருக்கு. இடைவெளியை எப்பிடி நிரப்புறது?

நிரப்பாதீங்கோ. தோற்றுப்போன இன்சேர்ட்டும் இலக்கத்தைத் தின்னும்.

இணுவில்: அன்ட்ரொயிட் ஆப், எஸ்கியூலைட். ஃபாரின் கீ எழுதியிருக்கு, ஆனா என்னத்தையும் ஏத்துது.

எஸ்கியூலைட்டில் அது இயல்பாக அணைந்திருக்கும். ‘பிராக்மா ஃபாரின் கீஸ்’ஐ ஒவ்வொரு கனெக்ஷன் திறக்கும்போதும் ஒன் ஆக்க வேணும். ஒரு தரம் போட்டால் கோப்பில் தங்காது.

கைதடி: போஸ்ட்கிரெஸில டேற்றா ஏத்தினபிறகு முதல் இன்சேர்ட்டே டூப்ளிகேட் கீ.

இலக்கத்தைக் கையால் கொடுத்து ஏற்றினால் சீக்குவன்ஸ் (அடுத்த இலக்கத்தைக் கொடுக்கிற எண்ணி) நகராது. ‘செட்வால்’ போட்டு அந்தக் கொலத்தின் உச்சப் பெறுமதிக்குக் கொண்டுவாங்கோ.

வல்வெட்டித்துறை: ஆரக்கிளில...

எனக்கு அது தூரம். ஆரக்கிள் வேலை செய்யிற ஆக்களைக் கேளுங்கோ.

அளவெட்டி: எரர் வருகுது. போன்ல எடுத்த படம் இணைச்சிருக்கிறன்.

படத்தில் விரல்தான் தெரியுது. இலக்கம்?

கோண்டாவில்: சேர் எல்லாரும் சொல்லீனம் செக்ஸை 0 ஆக்கினால்...

மூன்றாம் தரம். சுன்னாகத்துக்கு எழுதினதுதான் பதில்.

மானிப்பாய்: அண்ணை, எண் கொலம் போட்டுட்டன், 12 இலக்கமாக்கிட்டன். யுனிக் போடப் போனால் 1062. ஏற்கெனவே ரெண்டாய்க் கிடக்கிற ஆக்களை என்ன செய்யிறது?

அட்டை இலக்கத்தால் குரூப் செய்து, ஒன்றுக்கு மேல் உள்ளதைப் பட்டியலிடுங்கோ. பெயரையும் பிறந்த திகதியையும் கண்ணால் ஒப்பிடுங்கோ, டைப்பிங் பிழையால் வேறு இரண்டு பேர் ஒன்றாகியிருக்கலாம். ஒவ்வொரு சோடியிலும் சின்ன எண்ணை வைத்திருப்பம். ‘இன்ஃபொர்மேஷன் ஸ்கீமா’வில் ‘கீ கொலம் யூசேஜ்’ஐப் பார்த்து, நோயாளர் ரேபிளைக் காட்டுற எல்லாப் பிள்ளை ரேபிளையும் எழுதி எடுங்கோ. ட்ரான்சக்ஷன் (கொமிட் செய்தால் நிலைக்கும், ரோல்பாக் செய்தால் எல்லாம் பழையபடி ஆகும்) தொடங்கி, அவை ஒவ்வொன்றிலும் பெரிய எண்ணைச் சின்ன எண்ணாக அப்டேட் செய்யுங்கோ. பிறகு நோயாளர் ரேபிளில் பெரிய எண்ணை அழியுங்கோ. ஏதாவது ஒரு ரேபிளை மறந்திருந்தால் அந்த இடத்தில் 1451 வந்து நிற்பாட்டும், ரோல்பாக் செய்துவிட்டு அதையும் சேருங்கோ. பில் வரி மாதிரி கஸ்கேட் எங்கையும் கிடந்தால் அதை முதலில் ரெஸ்ட்ரிக்ட் ஆக்கிவிட்டுத்தான் தொடங்க வேணும், இல்லாவிட்டால் நிற்பாட்டாது, அழித்துவிடும். எல்லாம் சரியென்றால் கொமிட். யுனிக் போடுற ‘ஓல்டர் ரேபிள்’ கொமிட்டுக்குப் பிறகுதான். ட்ரான்சக்ஷனுக்குள் போட்டால் அது தானாகவே கொமிட் பண்ணிவிடும், திரும்ப வழியில்லை.