மாடி ஒழுகுது, யாரை நம்பி வேலையைக் கொடுப்பது?

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் கூரை வேலையை முடிக்க நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

தாம்பரத்திலிருந்து: 12 வருஷ வீடு, மாடி 30-க்கு 30 அடி. மழை பெய்தால் ஹாலில் ஃபேன் மாட்டிய இடத்தில் ஈரம். மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் சொன்ன சதுர அடி ரேட் இன்னொருவர் சொன்னதைப் போல மூன்று மடங்கு! யாரை நம்புவது?

மூன்று பேரும் மூன்று வேறு வேலைக்கு ரேட் சொல்லியிருப்பார்கள். ஒருவர் இருக்கிற தட்டோட்டின் மேல் வெள்ளை பெயிண்ட் இரண்டு கோட் அடிப்பார். இன்னொருவர் ஓட்டுச் சந்துகளைச் சுரண்டி, புதிதாகப் பூசி, மூலைகளில் ஃபைபர் வலை வைத்துவிட்டு அடிப்பார். மூன்றாமவர் ஓட்டையும் ஜல்லியையும் பெயர்த்தெடுத்து, வெறும் காங்கிரீட்டில் வாட்டர்ப்ரூஃபிங் செய்து, புது வாட்டத்தோடு திரும்ப ஓடு பதிப்பார். உங்கள் வீட்டுக்கு இதில் எது தேவை என்று தெரியாதவரை எந்த ரேட்டும் மலிவும் இல்லை, அதிகமும் இல்லை.

ஃபேன் இடத்தில் ஈரம் தெரிவதால் விரிசலும் அதற்கு நேர் மேலேதான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். காங்கிரீட்டுக்குள் போகும் கரண்ட் பைப்பில் தண்ணீர் இறங்கினால், பத்தடி தள்ளி ஃபேன் பெட்டியில் வந்து சொட்டும். முதலில் அந்த லைனை மெயினில் அணைத்துவிடுங்கள். பிறகு தண்ணீர் வெளியேறும் வாய்களை அடைத்து, மாடியை மண் வரப்பு கட்டி நாலு பாத்தியாகப் பிரியுங்கள். ஒரு பாத்தியில் மட்டும் ஒன்றரை அங்குலம் தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம் பாருங்கள். கீழே ஈரம் வரவில்லையென்றால் அடுத்த பாத்தி. இந்தச் சோதனையைச் செய்யாமல் டேப்பைப் பிடித்து அளந்து ரேட் மட்டும் சொல்பவரை அனுப்பிவிடலாம். ஒன்று மட்டும் கவனம்: சீலிங்கில் கம்பி துருப்பிடித்து வெளியே தெரியும் வீட்டில் தண்ணீர் நிறுத்த வேண்டாம். ஒன்றரை அங்குலத் தண்ணீர் சதுர மீட்டருக்கு 38 கிலோ பாரம்.

கோடையிலும் அந்த ஈரம் காயவில்லையென்றால் மழையை விட்டுவிட்டு மேலே போகும் டேங்க் பைப்பைப் பாருங்கள்.

வாட்டம் சரியா இருக்கான்னு நானே பார்க்க முடியுமா?

முடியும். ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் கண்ணாடி போன்ற ட்யூப்) போதும். மாடியின் மேட்டுப் பக்கத்திலிருந்து தண்ணீர் வாய் வரை 10 அடிக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் இறங்க வேண்டும். ட்யூப் இல்லையென்றால் நாலைந்து வாளித் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பாருங்கள். எங்கே குளம் நிற்கிறதோ அங்கே எந்த பெயிண்டும் அதிக நாள் தாங்காது.

கூடவே வாய்களையும் எண்ணுங்கள். மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டால், 4 அங்குல இறங்கு குழாய் ஒன்று சுமார் 900 சதுர அடி மாடியின் தண்ணீரைக் கொண்டுபோகும். 3 அங்குலக் குழாயால் 440 சதுர அடிதான் முடியும். இது கணக்கு. வேப்பஞ்சருகு அடைத்துக்கொண்டால் கணக்கெல்லாம் செல்லாது என்பதால் 900 சதுர அடி மாடிக்கும் இரண்டு வாய் வையுங்கள்.

திருச்சியிலிருந்து: காண்ட்ராக்டரிடம் பேப்பரில் என்னென்ன எழுதி வாங்கணும்?

முதலில் அளவு. உங்கள் மாடியும் 30-க்கு 30 என்று வைத்துக்கொள்வோம். தளம் 900 சதுர அடி. ஆனால் கோட்டிங் கைப்பிடிச் சுவரில் ஒரு அடி உயரத்துக்கு ஏற வேண்டும். சுற்றளவு 120 அடி, ஆக இன்னொரு 120 சதுர அடி. 1,020-க்கு ரேட்டா, 900-க்கா என்று முதல் நாளே எழுதாவிட்டால் கடைசி நாளில் சண்டைதான். சுவரில் ஏற்றாமல் தளத்தோடு நிறுத்துகிறேன் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பல வீடுகளில் ஒழுகுவதே சுவரும் தளமும் சேரும் அந்த மூலையில்தான். அங்கே கலவையை உருட்டிப் பூசி, வலை வைத்து, அதன் மேல்தான் கோட் வர வேண்டும்.

அடுத்தது பொருள். பிராண்ட், பொருளின் முழுப் பெயர், எத்தனை கோட், ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை மணி நேரம் எல்லாம் எழுதியிருக்க வேண்டும். டப்பா சீல் உடையாமல் உங்கள் கண்முன் வரட்டும். எண்ணிக்கையை நீங்களே போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு இரண்டு கோட் சேர்த்து 20 சதுர அடி என்று டப்பாவில் இருந்தால், 1,020 சதுர அடிக்கு 51 லிட்டர். 20 லிட்டர் டப்பா மூன்று வர வேண்டும். இரண்டுதான் வந்தது என்றால் மிச்சம் தண்ணீர்.

கட்டடக் கழிவை யார் அள்ளுவது, மாடிக்குப் பொருள் ஏற்றும் கூலி யாருடையது என்பதையும் சேர்த்துவிடுங்கள். முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கடைசி 10 சதவீதத்தை முதல் பெரிய மழை வரை நிறுத்திவையுங்கள். வேலையில் நம்பிக்கை உள்ளவர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

"பத்து வருஷம் கேரண்டி" என்றால் எதற்கு என்று கேளுங்கள். கம்பெனி கொடுப்பது டப்பாவுக்கு. அடித்த வேலைக்குக் காண்ட்ராக்டர் தனியாக எழுதித் தர வேண்டும்.

பழைய மாதிரி சுண்ணாம்பு, செங்கல் ஜல்லி, தட்டோடு போடலாமா? அதெல்லாம் இப்ப யார் செய்றா?

நல்ல ஆள் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம், வெயிலுக்கும் குளிர்ச்சி. அளவு 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு நீர்த்த சுண்ணாம்பு. ஜல்லி 20 மில்லிமீட்டர், நன்றாக வெந்த செங்கல்லில் உடைத்ததாக இருக்க வேண்டும். கெடுவது ஜல்லியை இடித்து இறுக்கும் இடத்தில். மரக்கட்டையால் நாள் கணக்கில் அடித்து, வெல்லம் கலந்த சுண்ணாம்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். கூலியை மிச்சம் பிடிக்க சிமென்ட் கலந்து ஒரே நாளில் சமன் செய்துவிட்டுப் போனால் அது சுண்ணாம்பு வேலையே இல்லை, விரிசல் விடும்.

9 அங்குல ஓடு 900 சதுர அடிக்கு 1,600 ஆகும். உடைசலுக்கு 80 சேர்த்து வாங்குங்கள். சந்து முழு ஆழத்துக்கும் நிரம்ப வேண்டும், மேலாக வழித்துவிட்டால் போதாது.

கடலூரிலிருந்து: மாடியில் கலர் ஷீட் போட்டு இரண்டே வருஷம். ஸ்க்ரூ இடத்திலெல்லாம் சொட்டுது.

ஸ்க்ரூவைப் பள்ளத்தில் அடித்திருக்கிறார்களா, மேட்டிலா என்று பாருங்கள். தண்ணீர் ஓடுவது பள்ளத்தில். கூரையில் ஸ்க்ரூவின் இடம் மேடு. மேட்டிலும் சொட்டினால் ரப்பர் வாஷரைக் கவனியுங்கள். அளவுக்கு மீறி முறுக்கினால் பிதுங்கி, வெயிலில் வெடிக்கும். தொளதொளவென்றிருந்தாலும் தண்ணீர் இறங்கும். சிலிகான் அப்பி மூடுவது ஒரு மழைக்குத்தான். பழைய ஸ்க்ரூவைக் கழற்றி ஒரு சைஸ் தடிமனான புது ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள். துளைக்கும்போது விழும் இரும்புத் தூளை அன்றே கூட்டித் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் அது கிடக்கும் புள்ளியெல்லாம் துரு.

2011 தானே புயலைப் பார்த்த ஊர் உங்களுடையது. காற்று ஷீட்டைக் கீழே அழுத்துவதை விட ஓரத்தில் மேலே இழுப்பதுதான் அதிகம். ஓரங்களிலும் உச்சியிலும் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு ஸ்க்ரூ கேளுங்கள். புது ஷீட் வாங்கினால் 0.50 மில்லிமீட்டர் தடிமன் என்பது பெயிண்ட் சேர்த்தா, வெறும் தகட்டுக்கா என்று கேட்டு பில்லில் எழுத வையுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் ஏறி நானே விரிசலை அடைக்கலாமா?

வேண்டாம். பழைய ஷீட் உடைந்து ஆள் உள்ளே விழுவது சாதாரணமாக நடக்கிறது. ஏறித்தான் ஆக வேண்டுமென்றால் பலகை போட்டு, அடியில் கம்பி போகும் வரிசையில் மட்டும் கால் வைக்கத் தெரிந்த ஆள் ஏறட்டும். அறுப்பது, தேய்ப்பது கூடவே கூடாது, அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

மயிலாப்பூரிலிருந்து: தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ். மேலே சிமென்ட் தளம் போட்டுவிடலாம் என்கிறார் மேஸ்திரி.

விடாதீர்கள். தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாக நிறுத்தி, சுண்ணாம்பில் கட்டிய கூரை அது. மேலே சிமென்ட் போட்டு மூடினால் உள்ளே சேர்ந்த ஈரம் காயாமல் கட்டை உளுத்துப்போகும், பாரமும் கூடும். கட்டையின் முனை சுவருக்குள் போகும் இடத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் முதலில் அந்தக் கட்டையை மாற்றுங்கள். மேல் தளத்தைச் சுண்ணாம்பிலேயே பழுது பாருங்கள்.

சீலிங் பூச்சு பெயர்ந்து கம்பி தெரியுது. கீழே பூசிட்டு மேலே அப்புறம் பார்த்துக்கலாமா?

நேர்மாறாகச் செய்யுங்கள். மேலே ஒழுகுவதை நிறுத்தி, ஒரு கோடை காயவிட்டு, அப்புறம் கீழே. தட்டினால் டொக்கு சத்தம் வரும் இடமெல்லாம் கொத்தி எடுத்து, கம்பியைப் பளிச்சென்று தேய்த்து, துருத்தடுப்பு அடித்து, பாலிமர் கலந்த கலவையில் பூச வேண்டும். கம்பியின் பருமன் கண்ணுக்குத் தெரியும்படி தேய்ந்திருந்தால் மேஸ்திரியோடு நிறுத்தாமல் ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரைக் கூப்பிடுங்கள். அதுவரை அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம்.