வருமானம் குறைஞ்சவைக்கு பஸ் கட்டணத்தைக் குறைக்கிறது நியாயமோ? ரொறன்ரோவில அது ஆருக்குக் கிடைக்கும்?

நான் ரொறன்ரோவின்ர ஸ்காபரோப் பக்கம் இருக்கிறன், எங்கட சித்திக்கு ஃபெயார் பாஸுக்கு, அதுதான் வருமானம் குறைஞ்சவைக்கு நகரசபை குடுக்கிற பஸ் கட்டணக் கழிவுக்கு, விண்ணப்பம் போட்டுக் குடுத்தது நான்தான், அதால ரெண்டு கேள்விக்கும் அவவின்ர கதையோடயே பதில் சொல்லுறன்.

முதல் கணக்கைப் பாருங்கோ. இப்ப ரிரிசியில, அதுதான் ரொறன்ரோ பஸ், ரெயின் ஓட்டுற நிறுவனத்தில, பெரியாக்களுக்கு பிரெஸ்ரோ கார்டில (காசு போட்டுத் தட்டி ஏறுற கார்ட்) ஒருக்கா ஏற 3.30 டொலர், ஃபெயார் பாஸ் இருந்தா 2.10. சித்தி ஏஜென்சி மூலம் வேலைக்குப் போறவ, ஒரு கிழமை நாலு நாள் கூப்பிடுவினம் அடுத்த கிழமை ரெண்டு நாள், அதோட கடைக்கு, டொக்டரிட்ட, கோயிலுக்கு எண்டு எல்லாத்துக்கும் பஸ்தான். மாதம் 40 தரம் ஏறுறா எண்டு வச்சா 132 டொலர் போன இடத்தில இப்ப 84 டொலர்தான் போகுது. மிஞ்சிற 48 டொலர் கார் வச்சிருக்கிற ஆக்களுக்கு ஒரு தரம் பெற்றோல் அடிக்கிற காசு, சித்திக்கு அது அரிசியும் மரக்கறியும்.

நியாயமோ எண்டு கேட்டா, ஓம் எண்டுதான் சொல்லுவன். 65 வயசு தாண்டின எல்லாருக்கும் கட்டணம் குறைவு, அவைக்குச் சொந்த வீடு இருக்கோ நல்ல பென்சன் வருகுதோ எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல. 12 வயசு வரைக்கும் பிள்ளையளுக்கு 2015 இல இருந்து இலவசம், அதுக்கும் வருமானம் பாக்கிறேல்ல. ரெண்டும் நல்ல விசயம்தான், நான் குறை சொல்லேல்ல. ஆனா 45 வயசில இரவு ஷிஃப்ற் கிளீனிங் செய்யிற மனுசி முழுக் காசு கட்ட வேணும் எண்டா, வயசைப் பாத்துக் குறைக்கிற நாங்கள் கையில இருக்கிற காசைப் பாத்துக் குறைக்க ஏன் யோசிக்கிறம்?

ஆருக்குக் கிடைக்கும் எண்ட இடத்திலதான் எனக்கு மனம் நோகுது. 2016 கடைசியில நகரசபை இந்தத் திட்டத்துக்குச் சம்மதிக்கேக்க, குறைஞ்ச வருமான அளவுகோல் எண்டு ஒண்டு இருக்கு, அதைவிட 15 வீதம் கூட உழைக்கிற ஆக்களுக்கும் படிப்படியாக் குடுப்பம் எண்டுதான் திட்டம் போட்டவை. 2018 ஏப்ரல்ல தொடங்கினது, அப்ப வெல்ஃபெயார் எண்ட அரசாங்க உதவிக் காசு எடுக்கிற ஆக்களுக்கும் டிசபிலிற்றிக் காசு எடுக்கிற ஆக்களுக்கும் மட்டும்தான். வேலை செய்து கஷ்டப்படுற சனத்தில கனபேர் 2023 வரைக்கும் பாத்துக்கொண்டு இருந்தவை, அப்பவும் கதவைத் திறந்தது அந்த அளவுகோலின்ர 75 வீதத்துக்குக் கீழ உள்ள ஆக்களுக்குத்தான். தனி ஆளா இருந்து அடிமட்டச் சம்பளத்துக்கு முழுநேரம் வேலை செய்தாலே அந்தக் கோட்டைத் தாண்டிப் போயிடும். சித்திக்கு வேலை நேரம் குறைவு, அதாலதான் கிடைச்சது. கல்கரியில 2017 இல கொண்டு வந்த முறை எனக்குப் பிடிச்சிருக்கு, அங்க மூண்டு படி, ஆகக் கீழ்ப்படியில உள்ளவை மாதப் பாஸுக்கு முழுவிலையில 5 வீதம்தான் கட்டினவை, வருமானம் கூடக் கூட அடுத்த படிக்குப் போகலாம், ஒரேயடியா வெளிய தள்ளுப்படுறேல்ல.

எங்கட ஆக்களுக்கு இன்னொரு தடையும் இருக்கு, வெக்கம். முதல் அஞ்சு வருசம் வெல்ஃபெயாரோட சேத்து வச்சதால அது "வெல்ஃபெயார் கார்ட்" எண்ட எண்ணம் இன்னும் போகேல்ல, சித்தியும் முதல் "எனக்கு வேண்டாம் தம்பி, ஆரும் பாத்தா என்ன நினைப்பினம்" எண்டுதான் சொன்னவ. எல்லாரும் வச்சிருக்கிற அதே பிரெஸ்ரோ கார்டிலதான் கழிவைப் போட்டு விடுறது, பக்கத்தில நிக்கிறவைக்குக் கார்டைப் பாத்து ஒண்டும் விளங்காது எண்டு என்ர கார்டையும் அவவின்ர கார்டையும் பக்கத்தில வச்சுக் காட்டினாப் பிறகுதான் சரி எண்டவ.

பிறகு வரிப் பிரச்சினை. வருமானத்தை வரிக் கணக்கை வச்சுத்தான் பாக்கிறது, சித்தி ரெண்டு வருசமா வரி செய்யேல்ல, ஏனெண்டா வேலை செய்த ஒரு இடத்தில ரீ4, அதுதான் வருசச் சம்பளத்தைக் காட்டுற வரிப் பத்திரம், குடுக்காமலே இழுத்தடிச்சவை. அதை வாங்கவே ரெண்டு மாதம் போச்சு. அந்த ரெண்டு மாதமும் 3.30 கட்டித்தான் போய் வந்தவ, அதை நினைச்சா எனக்கு இப்பவும் கோவம் வரும். அதால முதல் வரியைச் செய்யுங்கோ, வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு மாசி பங்குனியில சில கொம்யூனிற்றி சென்ரர்களில காசில்லாமச் செய்து குடுப்பினம்.

ஃபெயார் பாஸ் கிடைச்ச உடன மாதப் பாஸ் வாங்க ஓடாதேங்கோ, இதைக் கனபேர் பிழை விடுகினம். கழிவோட மாதப் பாஸ் 123.25 டொலர், அதை 2.10 ஆல பிரிச்சுப் பாருங்கோ, மாதம் 59 தரம் ஏறினாத்தான் லாபம். 2018 ஓகஸ்ட்ல இருந்து ஒருக்கா தட்டினா ரெண்டு மணித்தியாலம் எந்த பஸ்ஸிலயும் மாறி ஏறலாம், கடைக்குப் போய்க் கெதியா வந்தா போக வர ஒரே காசு. அப்பிடிப் பாத்தா சித்தி மாதிரி ஆக்களுக்கு ஏறுற ஏறுற நேரம் கட்டுறதுதான் மலிவு.

அமெரிக்காவில பொஸ்ரன்ல எம்ஐரி பல்கலைக்கழக ஆக்கள் செய்த ஆய்வு ஒண்டு இருக்கு, வருமானம் குறைஞ்சவைக்கு அரைக் கட்டணம் குடுத்துப் பாத்தா அவை ஏறக்குறைய 30 வீதம் கூடப் பயணம் செய்தவை, வைத்தியத்துக்குப் போறதும் கூடினது. சித்தியும் நீரிழிவுக் கிளினிக்குக்கு மூண்டு மாதத்துக்கு ஒருக்கா வரச் சொன்னதை ஆறு மாதம் ஆக்கி வச்சிருந்தவ, பஸ் காசுக்காகத்தான் எண்டு பிறகுதான் சொன்னவ. இப்ப மூண்டு மாதத்துக்கு ஒருக்கா சரியாப் போறா.