வாசகர் கேள்வி: எடை எழுதும் நேரத்தில் போன் எதற்கு?

கேள்வி: கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறிப்போய் ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக வேலை பார்க்கிறேன். முதலாளி, கங்காணி, ஜீப்காரர், போடி ஏல விலை எல்லாமே வாட்ஸ்ஆப்பில்தான் வருகிறது. சாயங்காலம் காய் எடை எழுதும்போது ஒருத்தர் கிலோவை இன்னொருத்தர் பெயரில் எழுதிவிடுகிறேன். வீட்டில் மகள் பேசுவதும் மனதில் நிற்பதில்லை. வயது 43. இது மறதி நோயா?
- ஒரு வாசகர், கம்பம்

பதில்: போனே கையில் இல்லாத நேரத்திலும் இப்படி ஆகிறதென்றால், தூக்கமும் கெட்டிருந்தால், டாக்டரைப் பார்த்துவிடுங்கள். மற்றபடி நீங்கள் எழுதியதைப் படித்தால் எனக்கு நோயாகத் தெரியவில்லை. ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவினால் முதல் வேலையின் மிச்சம் மனதில் ஒட்டிக்கொண்டே இருக்கும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் எழுதினார். முதலாளியின் மெசேஜைப் படித்த கையோடு தராசைப் பார்க்கிறீர்கள், கண் தராசில் இருக்கிறது, மனது இன்னும் மெசேஜில்தான் இருக்கிறது, அப்புறம் பெயர் மாறாமல் என்ன செய்யும்? கலிஃபோர்னியாவில் குளோரியா மார்க் என்ற ஆய்வாளர் ஆபீஸ் ஊழியர்களைக் கவனித்தபோது, 2004-ல் ஒரே திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்ற கவனம் பிந்தைய ஆண்டுகளில் 47 நொடியாகக் குறைந்திருந்தது. அவர்களுக்காவது எதிரே சாக்கோடு யாரும் காத்து நிற்பதில்லை. கிலோ கணக்கில் கூலி என்றால் உங்கள் பேனா தவறுவது ஒரு பெண்ணின் கூலியில் போய் விழும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எடை போடும் நேரம் முழுக்க போன் உங்கள் கைக்கு எட்டாத இடத்தில், சத்தமில்லாமல் இருக்கட்டும். பாக்கெட்டில் வைத்தால் கை தானாகப் போகும். ஏல விலை எங்கே ஓடிப்போகிறது? 2007-லேயே ஏலக்காய் ஏலம் கணினிக்கு மாறிவிட்டது, போடியிலும் புத்தடியிலும் வியாபாரிகள் திரையைப் பார்த்துத்தான் விலை கேட்கிறார்கள். நீங்கள் விற்கிறவரும் இல்லை, வாங்குகிறவரும் இல்லை. ஏலம் முடிந்த பிறகு சராசரி விலையை ஒரு தடவை பார்த்தால் போதும், அந்த குரூப்புகளை நிரந்தரமாக மியூட்டில் போடுங்கள்.

கஷ்டமான இடம் முதலாளிதான். "அவசரம்னா கூப்பிடுங்க அண்ணாச்சி, மெசேஜை எடை முடிச்சுத்தான் பார்ப்பேன்" என்று நேரில் சொல்லிவிடுங்கள். கணக்கு சரியாக வந்தால் லாபம் அவருக்கும்தானே. நீல டிக்கைப் பார்த்துவிட்டு ஏன் பதில் இல்லை என்று கேட்கிற ஆளாக இருந்தால் செட்டிங்ஸில் அதை அணைத்துவிடலாம், ஆனால் அடுத்தவர் படித்தாரா என்பதும் உங்களுக்குத் தெரியாது. ராத்திரி மகளோடு சாப்பிடும் நேரத்துக்கும் இதே ஏற்பாடுதான், முதலாளியிடம் அதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வீடியோ பார்க்க ஆரம்பித்தால் முடிவே வரமாட்டேன் என்கிறதே, ஏன்?
- ஒரு வாசகி, புளியரை

பதில்: முடிவு வராத மாதிரித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் பக்கம் முடியும், அடுத்த பக்கத்துக்கு நாமே அழுத்த வேண்டும், அந்த இடத்தில் போதும் என்று தோன்றும். 2006-ல் ஏசா ராஸ்கின் என்பவர் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும் முறையை உருவாக்கினார், பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டுப் பேசியும் இருக்கிறார். யூடியூப் செட்டிங்ஸில் ஆட்டோபிளேவை அணைத்து, இடைவேளை நினைவூட்டலைப் போட்டு வையுங்கள்.