தர்ஹீல்ல இருந்து போன் வந்தா என்ன செய்யணும்? கடலூர்க் குடும்பங்களின் கேள்விகளும் பதில்களும்

வெளிநாட்டுல பிடிபட்டவங்க குடும்பத்துக்காரங்க என்ன வேணும்னாலும் கேளுங்கன்னு போன வாரம் சொல்லியிருந்தேன். நிறைய வந்துடுச்சு. ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துட்டேன், ஊர் பேர் மட்டும் போட்டிருக்கேன். நான் வக்கீல் இல்ல. சவுதியில பதினோரு வருஷம் இருந்தவன். 2013-ல நிதாகத் (உள்ளூர்க்காரங்களுக்கு வேலை ஒதுக்குற சவுதிச் சட்டம்) கெடுபிடி வந்தப்ப கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, கைவிட்டதால, ரியாத் தூதரக வாசல்ல அவுட்பாஸுக்கு (பாஸ்போர்ட் இல்லாதவங்க ஊர் திரும்பக் கொடுக்கிற அவசரச் சான்றிதழ்) வரிசையில நின்னவன். அந்த நவம்பர் 3-ஆம் தேதியோட கெடு முடிஞ்சுது, மறுநாளே ரெய்டு. ஊருக்கு வந்ததுல இருந்து மஞ்சக்குப்பத்துல உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்துட்டு இருக்கேன்.

காட்டுமன்னார்கோவில்: வீட்டுக்காரர் ரியாத்தில் வீட்டு டிரைவர். நாலு நாளா போன் இல்ல. நேத்து யாரோ ஒருத்தர் நம்பர்ல இருந்து "ஹுரூப் போட்டுட்டான், தர்ஹீல்ல இருக்கேன்"னு சொன்னார், கட்டாயிடுச்சு. எங்க போறதுன்னே தெரியலண்ணே.

முதல்ல மூச்சு விடும்மா. ஹுரூப்னா, ஆள் ஓடிப்போயிட்டான்னு கஃபீல் பதிவு பண்ணிட்டார்னு அர்த்தம். அது விழுந்துட்டா இக்காமா, அதாவது அங்க தங்குறதுக்கான அட்டை, செத்த மாதிரிதான். தர்ஹீல்ங்கிறது ஊருக்கு அனுப்புறவங்களை வச்சிருக்கிற இடம். தண்டனை ஜெயில் வேற, அது வேற. கொலை, கொள்ளைக் கேஸ்ல மாட்டிக்கிட்டார்னு நினைச்சு அழாத.

அந்த நம்பரை அழிச்சுடாத, அதுதான் இப்ப உனக்குக் கயிறு. திரும்பக் கூப்பிடு, மெசேஜ் போடு. பேசக் கிடைச்சா "சாப்டியா, உடம்பு எப்படி"ன்னு ரெண்டு நிமிஷத்தையும் கரைச்சுடாம இதைக் கேளு: எந்த ஊர் தர்ஹீல், பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கு, இக்காமா நம்பர், கஃபீல் பேரும் போன் நம்பரும், அப்புறம் ரொம்ப முக்கியமா, மத்லூப் (தேடப்படுற ஆள்னு போலீஸ் பதிவு) ஏதாவது இருக்கா. கஃபீல் பணம் திருடிட்டான்னு புகார் கொடுத்திருந்தாலோ, வண்டி இடிச்ச கேஸ் பாக்கி இருந்தாலோ மத்லூப் விழும். அது தீராம விமானம் ஏத்த மாட்டாங்க. மத்லூப் இல்லைன்னா அவுட்பாஸ் வந்ததும் கிளம்பிடலாம்.

அப்புறம் மதத் இணையதளத்துல புகார் போடணும். 2015-ல மத்திய வெளியுறவு அமைச்சகம் தொடங்கினது. உன் செல்போன்ல இருந்தே பதியலாம். ஒரு புகார் எண் வரும், அது நேரா ரியாத் தூதரகத்துக்குப் போகும். தமிழ்நாடு அரசோட அயலகத் தமிழர் நல ஆணையரகத்துக்கு 1800 309 3793-ல கூப்பிடு, கட்டணம் இல்ல, தமிழ்லயே பேசலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு கொடுத்து, ரசீது வாங்கு. எல்லா இடத்துலயும் ஒரே விவரம், ஒரே எழுத்து. ஒரு மனுவுல அவர் பேருக்கு முன்னால இனிஷியல், இன்னொண்ணுல அப்பா பேர் முழுசா இருந்தா ரெண்டு ஆள்னு நினைச்சுடுவாங்க.

போன மாசம் ஒரு அம்மா மஞ்சப்பையில மனு கொண்டு வந்தாங்க. வெளியே மரத்தடியில எழுதினது, மூணு பக்கம். பெண்ணோட சடங்குக்கு வாங்கின வட்டிக் கடன்ல இருந்து எல்லாம் இருந்துது, பாஸ்போர்ட் நம்பர் மட்டும் இல்ல. "கருணை கூர்ந்து மீட்டுத் தாருங்கள்"னு எட்டு இடத்துல இருந்துது. கருணை வேணும்தான். ஆனா அங்க கம்ப்யூட்டர்ல தட்டிப் பார்க்கிறவருக்கு நம்பர்தான் வேணும்.

தாழங்குடா: 2024 டிசம்பர் பெண்ணையாத்து வெள்ளத்துல தம்பியோட பாஸ்போர்ட் ஜெராக்ஸ் எல்லாம் போச்சு. நம்பர் தெரியல.

டிக்கெட் போட்ட டிராவல்ஸ்ல நகல் இருக்கும், கேளுங்க. விசா அடிச்ச பேப்பர் வாட்ஸ்அப்புல யாருக்காவது போயிருக்கும், பழைய போனைத் தேடுங்க. என்ஆர்ஐ கணக்கு ஆரம்பிச்சிருந்தா வங்கியில இருக்கும். இசிஆர் பாஸ்போர்ட்டுல (வேலைக்குப் போக அரசு அனுமதி வேண்டியது) முறையா வேலை விசாவுல போயிருந்தா இ-மைகிரேட்ங்கிற அரசு இணையதளத்துல பதிவு இருக்கும். ஒண்ணுமே கிடைக்கலைன்னாலும் பேர், பிறந்த தேதி, அப்பா பேர், எப்ப எந்த ஏர்போர்ட்ல ஏறினார்ங்கிறதை வச்சு மனு போடலாம். லேட் ஆகும், அவ்வளவுதான்.

நெய்வேலி: அரசாங்கம் மனசு வச்சா ஒரே நாள்ல கொண்டு வர முடியாதா? ஏன் இப்படி இழுத்தடிக்கிறாங்க?

கோபம் புரியுது. ஆனா எது அவங்க கையில இருக்கு, எது இல்லைன்னு பிரிச்சுப் பார்த்தாத்தான் கேட்கவேண்டியதைச் சரியாக் கேட்கலாம்.

1963 வியன்னா தூதரக உறவு ஒப்பந்தத்துல 36-ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. பிடிபட்டவர் கேட்டா அவர் நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமில்லாமச் சொல்லணும், தூதரக ஆள் போய்ப் பார்க்கலாம், வக்கீல் ஏற்பாடு பண்ணலாம். "கேட்டா"ங்கிற வார்த்தையைக் கவனிங்க. நம்ம பசங்க வெட்கத்துலயும் பயத்துலயும் கேட்கிறதே இல்ல.

பணத்துக்கு, தூதரகங்கள்ல இந்தியச் சமூக நல நிதி இருக்கு. 2009-ல ஆரம்பிச்சது, 2017 செப்டம்பர்ல விதிகளை விரிச்சாங்க. வழியில்லாதவங்களுக்குத் தங்க இடம், சாப்பாடு, அவசர வைத்தியம், ஊர் டிக்கெட், வக்கீல் செலவு, சின்ன அபராதம் வரைக்கும் அதுல இருந்து கொடுக்கலாம். ஆனா தானா வராது. வசதி இல்லைன்னு காட்டிக் கேட்கணும்.

இன்னொரு நாட்டு நீதிமன்றத் தீர்ப்பை இவங்க ரத்து பண்ண முடியாது. இடிந்தகரைப் பக்கம் 28 மீனவர்கள் 2024 செப்டம்பர்ல கடல் எல்லை தாண்டினதா பஹ்ரைன்ல பிடிபட்டாங்க. ஆறு மாசம் தண்டனை, மூணு மாசமாக் குறைஞ்சுது, டிசம்பர்ல வந்துட்டாங்க. வக்கீல், மேல்முறையீடு, தூதரகம் எல்லாம் சேர்ந்தும் மூணு மாசம். ஒரே நாளாவது! நம்ம துறைமுகத்துல இருந்து வளைகுடாவுக்குப் படகு வேலைக்குப் போற தம்பிங்க இதை ஞாபகம் வச்சுக்கணும். கரையில வாங்கின விசா கடல்ல எல்லைக்கோட்டைக் காட்டாது.

சிதம்பரம்: பையன் மலேசியாவுக்கு விசா இல்லாமப் போய் கிள்ளான்ல ஓட்டல்ல வேலை பார்த்தான். பிடிச்சுட்டாங்க. ஒரு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கொடுத்தா எடுத்துடுறேன்கிறார்.

கொடுக்காதீங்க. 2023 டிசம்பர் 1-ல இருந்து நம்மவங்க 30 நாள் விசா இல்லாம மலேசியா போகலாம்னு ஆக்கினாங்க. அது சுற்றிப் பார்க்க. வேலைக்கு இல்ல. நாள் தாண்டித் தங்கினா அங்க குடிநுழைவுச் சட்டத்துல 15(1)(சி) பிரிவு: குறைஞ்சது பத்தாயிரம் ரிங்கிட் அபராதம், இல்ல அஞ்சு வருஷம் வரை ஜெயில், இல்ல ரெண்டும். படகுல திருட்டுத்தனமா இறங்கினவங்களுக்கு 6(1)(சி), அதுல பிரம்படியும் உண்டு. பையன் ஏர்போர்ட் வழியா முத்திரை குத்தி இறங்கினவன்னா அந்த முத்திரைப் பக்கம்தான் அவனுக்குக் காப்பு. அதோட நகலை கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்துக்கு மதத் வழியா அனுப்புங்க.

2024 மார்ச்ல இருந்து டிசம்பர் வரை, தானா வந்து சரணடைஞ்சா சின்ன அபராதத்தோட அனுப்புற திட்டம் நடந்துது. பிடிபட்ட பிறகு அந்தக் கதவு சாத்தியாச்சு. ஒன்றரை லட்சத்தை டிக்கெட்டுக்கும் அபராதத்துக்கும் வச்சிருங்க. நான் பார்த்த வரைக்கும் "உள்ள ஆள் இருக்கு"ன்னு சொன்ன ஏஜென்ட் எவனுக்கும் உள்ள ஆள் இருந்ததில்ல.

பரங்கிப்பேட்டை: குவைத்ல காதிம் (வீட்டு வேலை) விசா, வெளியே கடையில வேலை. பயமா இருக்கு பாய்.

பயப்படத்தான் வேணும். 20-ஆம் பிரிவு விசா வீட்டு வேலைக்கு மட்டும். கடையில செக்கிங்ல நின்னா பத்தாக்கா (குவைத் அடையாள அட்டை) செல்லுபடியா இருந்தாலும் தூக்கிடுவாங்க. மாத்தலுக்கு வழி திறந்தா உடனே மாத்திக்கங்க. பொதுமன்னிப்பு வரும்போது "அடுத்ததுல பார்த்துக்கலாம்"னு உட்காராதீங்க. 2024-ல குவைத்துலயும் அமீரகத்துலயும் அறிவிச்சாங்க. அதுல வெளியேறினவங்க அபராதம் இல்லாம வந்தாங்க, திரும்பிப் போகவும் தடை இல்ல. ரெய்டுல போறவனுக்குக் கைரேகை விழுந்துடும், திரும்பிப் போறது கஷ்டம்.

நெல்லிக்குப்பம்: அண்ணன் துபாய்ல பத்து வருஷத் தண்டனை. மிச்சத்தை இந்திய ஜெயில்ல கழிக்கலாமாமே?

கழிக்கலாம். 2003-ல கைதிகள் திருப்பி அனுப்பும் சட்டம் வந்துது, அமீரகத்தோட ஒப்பந்தமும் இருக்கு. தீர்ப்பு இறுதியாகியிருக்கணும், மேல்முறையீடு பாக்கி இருக்கக் கூடாது, குறைஞ்சது ஆறு மாசத் தண்டனை மிச்சம் இருக்கணும், கைதி சம்மதிக்கணும், ரெண்டு அரசும் ஒத்துக்கணும்.

ஆனா கையெழுத்துக்கு முன்னால யோசிக்கச் சொல்லுங்க. ரம்ஜானுக்கும், டிசம்பர் 2 தேசிய நாளுக்கும் அங்க மன்னிப்புப் பட்டியல் வரும். இங்க வந்துட்டா அதை எதிர்பார்த்து உட்கார முடியாது. அம்மா படுத்த படுக்கையா இருந்தா வரட்டும், மாசம் ஒரு தடவை முகத்தையாவது பார்க்கலாம். இல்லைன்னா நாள் எண்ணிப் பார்த்து முடிவு பண்ணட்டும்.

பாகூர்: நாங்க புதுச்சேரி. தமிழ்நாட்டு நம்பர் எங்களுக்கு ஆகுமா?

உங்க மனு புதுச்சேரி கலெக்டர் ஆபீஸுக்குப் போகணும். மதத், தூதரகம் ரெண்டும் எல்லாருக்கும் பொது. கன்னியக்கோயில் தாண்டினா அரசாங்கம் மாறும், பாஸ்போர்ட் மாறாது.

திட்டக்குடி: டேட்டா என்ட்ரின்னு தாய்லாந்துக்கு அனுப்பினாங்க, மியான்மர்ல மோசடிக் கம்பெனியில அடைச்சுட்டாங்க. ஏஜென்ட் மேல என்ன பண்ணலாம்?

மியான்மர்ல மியாவடிங்கிற ஊர்ப் பக்கம் இருந்து 2025 மார்ச் 10, 11-ல ரெண்டு விமானப்படை விமானத்துல 549 பேரைக் கொண்டு வந்தாங்க. அதனால நம்பிக்கையை விடாதீங்க, மதத்ல பதிவு மட்டும் கட்டாயம். பையன் அங்க மிரட்டலுக்குப் பயந்து யாரையாவது ஏமாத்தியிருந்தாலும் மறைக்காமச் சொல்லச் சொல்லுங்க.

ஏஜென்ட் விஷயம். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். பதிவில்லாம ஆள் அனுப்பினா 1983 குடிபெயர்வுச் சட்டத்துல ரெண்டு வருஷம் வரை ஜெயில், அபராதம் ரெண்டாயிரம் ரூபாய் வரை. ஆமாங்க, ரெண்டாயிரம்! ஒரு ஆளை ஏமாத்தி ரெண்டு லட்சம் சம்பாதிக்கிறவனுக்கு அது டீ செலவு. அதுலயும் வழக்கு நடத்த மத்திய அரசு அனுமதி வேணும்; போனவரோ, அப்பா அம்மா மாதிரி நெருங்கின குடும்பத்தாரோ புகார் கொடுத்தா மட்டும் அந்த அனுமதி வேண்டாம். தண்டனை இவ்வளவு கம்மிங்கிறதால பிஎன்எஸ் (புது குற்றவியல் சட்டம்) 318(4) மோசடிப் பிரிவையும் சேர்த்துப் புகார் கொடுங்க, பழைய 420-தான் அது. ஜிபே ரசீது, அவன் அனுப்பின குரல் பதிவு எதையும் அழிக்காதீங்க.

லால்பேட்டை: இன்சூரன்ஸ் ஏதோ எடுத்தாங்களே, அது கைதுக்கு உதவுமா?

பிரவாசி பாரதிய பீமா. ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூணுக்கு 375. விபத்துச் சாவுக்குப் பத்து லட்சம்னு எல்லாருக்கும் தெரியும். வேலை சம்பந்தமான வழக்குன்னா வக்கீல் செலவுக்கு 45,000 வரை உண்டுங்கிறது யாருக்கும் தெரியாது. விசிட் விசாவுல போனவங்களுக்கு இது கிடையாது.

குறிஞ்சிப்பாடி: அவுட்பாஸ்ல வந்துட்டேன். திரும்ப பாஸ்போர்ட் தருவாங்களா? சம்பள பாக்கி எட்டு மாசம்.

தருவாங்க தம்பி. விண்ணப்பத்துல "அவசரச் சான்றிதழில் திரும்பினீர்களா, நாடு கடத்தப்பட்டீர்களா"ன்னு தனித்தனியாக் கேட்டிருக்கும். ஆமாம்னு போடு. இல்லைன்னு போட்டு மாட்டினவங்களுக்குத்தான் தொல்லை. கடலூர்த் தலைமைத் தபால் நிலையத்துலயே பாஸ்போர்ட் மையம் இருக்கு.

சம்பளத்துக்கு, கிளம்புறதுக்கு முன்னாலயே தூதரகத்துக்குப் பவர் எழுதிக் கொடுத்திருந்தா அவங்க அங்க கேஸைத் தொடருவாங்க. கொடுக்கலையா? சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, கூட வேலை பார்த்தவங்க நம்பர் எடுத்துக்கிட்டு வியாழக்கிழமை சாயங்காலம் வா. மதத்ல சம்பளப் பாக்கிப் புகாரா போட்டுப் பார்ப்போம். அந்த வெள்ளை அவுட்பாஸ் தாளை ஏர்போர்ட்ல வாங்கிட்டாங்களா, போட்டோ ஏதாவது வச்சிருக்கியா? இருந்தா அதையும் கொண்டு வா.